கொலையை மன்னிக்கும் உரிமை: இஸ்லாமியக் குற்றவியலும் மதச்சார்பற்ற சட்டமும்

இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தின்படி கொலை முதன்மையாகக் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு இழைக்கப்பட்ட தீங்கு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் நடப்பில் உள்ள மதச்சார்பற்ற சட்டங்களின்படி அது அரசுக்கு எதிரான குற்றம். முன்னதில் கொலையாளியின் உயிரைக் கேட்கவும் விட்டுக்கொடுக்கவும் வாரிசுகளுக்கு உரிமை உண்டு. பின்னதில் வாரிசு பெரும்பாலும் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கும் ஒரு சாட்சி மட்டுமே. வழக்கை நடத்துவது அரசு, தண்டிப்பது நீதிமன்றம், இந்தியாவில் மன்னிப்பது குடியரசுத் தலைவரோ ஆளுநரோ. இரு சட்ட முறைகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடுகளில் ஆழமானது இதுதான். கை வெட்டுதலையும் கசையடியையும் பற்றி ஓயாமல் நடக்கும் பொது விவாதத்தில் இதற்கு இடமே கிடைப்பதில்லை. வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஒரு சட்டம் விலகி மற்றொன்று வந்தபோது மோதல் கூர்மையாக எழுந்த இடமும் இதுவே.

மூன்று வகைக் குற்றங்கள்

ஃபிக்ஹ் எனப்படும் இஸ்லாமியச் சட்டவியல் நூல்கள் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கின்றன. இறைவனின் உரிமையை மீறியவையாகக் கருதப்பட்டு, குர்ஆனாலோ ஹதீஸாலோ தண்டனை வரையறுக்கப்பட்டவை ஹுதூத். திருட்டு, வழிப்பறி, திருமணத்துக்கு வெளியிலான பாலுறவு, அத்தகைய உறவு வைத்ததாக ஒருவர் மீது பொய்ப்பழி சுமத்துதல், மது அருந்துதல் ஆகியவை இதில் அடங்கும். மதம் மாறுதலை இந்த வகையில் சேர்ப்பதா என்பதில் சட்ட அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. கொலையும் உடற்காயமும் கிஸாஸ் என்ற இரண்டாம் வகை. இவற்றில் பாதிக்கப்பட்டவரோ வாரிசோ சமமான பதிலடியைக் கேட்கலாம். அதற்கு ஈடாகத் தியத் என்னும் இழப்பீட்டைப் பெறலாம். எதுவும் வேண்டாம் என்று மன்னிக்கவும் செய்யலாம். மீதமுள்ள குற்றங்கள் அனைத்தும் தஃஸீர். அவற்றுக்கான தண்டனையை நீதிபதியோ ஆட்சியாளரோ சூழ்நிலைக்கேற்ப முடிவு செய்வார்.

ஹுதூத் தண்டனைகளின் கடுமையை மறைக்கத் தேவையில்லை. அதே நூல்கள் அவற்றைச் சுற்றி எழுப்பிய வேலியையும் மறைக்கக் கூடாது. திருட்டுக்குக் கை வெட்டப்பட வேண்டுமானால் திருடிய பொருளின் மதிப்பு ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) 10 திர்ஹத்தையும், ஷாஃபிஈ மத்ஹபில் கால் தீனாரையும் எட்ட வேண்டும். பொருள் பாதுகாப்பான இடத்தில் வைக்கப்பட்டிருந்து அங்கிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். முறையற்ற பாலுறவை மெய்ப்பிக்க, செயலையே கண்ணால் கண்ட நான்கு ஆண் சாட்சிகள் வேண்டும். சாட்சிகள் மூவர் மட்டுமே வந்தால் பொய்ப்பழிக்கான 80 கசையடி அந்த மூவர் மீதே விழும். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனை நிறைவேறும் வரை எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். ஐயத்துக்கு இடமிருந்தால் ஹுதூத் தண்டனையைக் கைவிட வேண்டும் என்பதில் நான்கு ஸுன்னி மத்ஹபுகளும் உடன்படுகின்றன. இரண்டாம் கலீஃபா உமர் கடும் பஞ்ச ஆண்டொன்றில் திருட்டுக்கான கை வெட்டுதலை நிறுத்திவைத்தார் என்ற செய்தி சட்ட நூல்களில் தொடர்ந்து முன்னுதாரணமாகக் காட்டப்படுகிறது.

இந்த வேலியின் விளைவாக, நடைமுறையில் பெரும்பாலான வழக்குகள் தஃஸீர் வகைக்குள் வந்து சேர்ந்தன. ஆட்சியாளர்கள் தங்கள் ஆணைகளின் மூலம் அபராதம், சிறை, நாடுகடத்தல் ஆகியவற்றை இந்த வகையின் கீழ்தான் புகுத்தினார்கள். ஒட்டோமன் சுல்தான்களின் கானூன் தொகுப்புகள் இதற்கு நல்ல சான்று. தஃஸீரில் ஒரு குறையும் உண்டு. எந்தச் செயல் குற்றம், அதற்கு எவ்வளவு தண்டனை என்பதை முன்கூட்டியே எழுதிவைக்காமல் நீதிபதியிடம் விடும்போது குடிமகன் அவருடைய மனநிலையை நம்பி வாழ வேண்டியிருக்கிறது. செயல் நடந்த நாளில் குற்றமாக இருந்ததற்கு மட்டுமே, அந்நாளில் சட்டத்தில் இருந்த அளவுக்கு மட்டுமே தண்டிக்கலாம் என்று இந்திய அரசியலமைப்பின் 20ஆவது உறுப்பு சொல்கிறது. இந்தக் காப்பில் மதச்சார்பற்ற சட்டத்தின் மேன்மை தெளிவானது.

பாவத்தையும் குற்றத்தையும் மதச்சார்பற்ற சட்டம் முழுமையாகப் பிரித்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு பிறர் மனைவியுடன் உறவு கொள்வதை 2018 வரை குற்றமாக வைத்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் 377ஆம் பிரிவின் கீழ் வயதுவந்தோரின் ஒருபால் உறவு குற்றமாவதை உச்ச நீதிமன்றம் நீக்கியது. மதுவை விலக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1937இல் இராஜாஜி அமைச்சரவையால் கொண்டுவரப்பட்டு முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. குஜராத்திலும் பீகாரிலும் இன்றும் மதுவிலக்கு உண்டு. ஒழுக்கத்தைத் தண்டனையால் காக்க நினைப்பது ஒரு மதத்துக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

கிஸாஸின் உட்கூறுகள்

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் கொலைக்குக் கிஸாஸை விதிக்கும் இடத்திலேயே மன்னிப்பையும் சேர்த்துப் பேசுகிறது. இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவில் ஒருவர் கொல்லப்பட்டால் எதிர்க்குலத்தில் அகப்பட்டவரையெல்லாம் கொல்லும் வழக்கம் இருந்தது. ஓர் உயிருக்கு ஓர் உயிர், அதுவும் கொன்றவருடைய உயிர் மட்டும் என்ற வரம்பு, அந்தச் சூழலில் பழிவாங்கலுக்குப் போடப்பட்ட கடிவாளம்.

தவறுதலாக நேர்ந்த கொலைக்குக் கிஸாஸ் இல்லை, தியத் உண்டு. அதன் மரபான அளவு 100 ஒட்டகம், அல்லது 1,000 தீனார். வெள்ளியில் ஹனஃபிகள் 10,000 திர்ஹம் என்றும் மற்றவர்கள் 12,000 என்றும் கணக்கிட்டார்கள். தவறுதலாகக் கொன்றவர் இதைத் தனியாகக் கட்டுவதில்லை. ஆகிலா எனப்படும் அவருடைய உறவுக் குழு மூன்று ஆண்டுகளில் தவணையாகக் கட்டும். கொன்றவரும் திவாலாகாமல், இறந்தவரின் பிள்ளைகளும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு, காப்பீடு என்ற தொழில் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. சிறைக்கு அனுப்பிவிட்டு விதவையைக் கைவிடும் சட்டத்தோடு ஒப்பிட்டால் இதில் உள்ள மனிதநேயம் தெரியும்.

வேண்டுமென்றே செய்த கொலையில் வாரிசுகள் பலர் இருந்து அவர்களில் ஒருவர் மன்னித்தாலும், பெரும்பான்மைச் சட்ட அறிஞர்களின் கருத்துப்படி கிஸாஸ் வீழ்ந்துவிடும். மற்றவர்களுக்குத் தியத்தில் தங்கள் பங்கு மட்டுமே மிஞ்சும். வாரிசுகளில் சிறுவர் இருந்தால் அவர்கள் வயதுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஷாஃபிஈகளும் ஹன்பலிகளும் சொல்கிறார்கள். கொலையாளி அதுவரை சிறையில் இருப்பார். ஹனஃபி சட்டத்தில் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை.

சமத்துவம் என்ற அளவுகோலை வைத்தால் பழைய சட்டம் பல இடங்களில் தடுமாறுகிறது. பெண்ணின் தியத் ஆணுடையதில் பாதி என்பது மரபான பெரும்பான்மைக் கருத்து. முஸ்லிம் அல்லாத குடிமகனின் தியத்தை ஹனஃபிகள் முஸ்லிமுக்குச் சமமாக வைத்தார்கள். மாலிகிகள் பாதியாகவும், ஷாஃபிஈகள் மூன்றில் ஒன்றாகவும் வைத்தார்கள். முஸ்லிம் அல்லாத குடிமகனைக் கொன்ற முஸ்லிமுக்குக் கிஸாஸ் உண்டு என்றவர்கள் ஹனஃபிகளே. பெற்ற பிள்ளையைக் கொன்ற தந்தைக்குக் கிஸாஸ் இல்லை என்பது பெரும்பான்மைக் கருத்து. இந்த ஒரு விதி இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பாகிஸ்தானில் எத்தனை பெண்களின் உயிரோடு தொடர்புபட்டது என்பது பின்னால் வருகிறது.

கொலைக் கருவியைப் பற்றியும் ஒரு பழைய விவாதம் உண்டு. கொல்லும் எண்ணம் மனத்துக்குள் இருப்பது. அதை வெளியே காட்டுவது கையில் இருந்த ஆயுதம் என்று இமாம் அபூ ஹனீஃபா கருதினார். வாள், கத்தி போன்ற வெட்டும் ஆயுதம் என்றால் அது வேண்டுமென்றே செய்த கொலை. தடியால் அடித்தோ, கழுத்தை நெரித்தோ, நீரில் அமிழ்த்தியோ கொன்றால் அதை அவர் அந்த வகையில் சேர்க்கவில்லை. தியத் போதும் என்றார். அவருடைய மாணவர்களான அபூ யூஸுஃபும் முஹம்மதும் இதை ஏற்கவில்லை. சாதாரணமாக உயிரைப் பறிக்கக்கூடிய எதனால் கொன்றாலும் கொலை கொலைதான் என்பது அவர்கள் நிலை. கூஃபாவிலும் பாக்தாதிலும் எட்டாம் நூற்றாண்டில் நடந்த இந்தக் கருத்து வேறுபாடு, ஆயிரம் ஆண்டு கழித்துக் கல்கத்தாவில் ஓர் ஆங்கில கவர்னர் ஜெனரலுக்குக் கைகொடுத்தது.

வங்காளமும் சென்னையும்

கிழக்கிந்தியக் கம்பெனி 1765இல் வங்காளத்தின் திவானி என்னும் வரி வசூல் உரிமையைப் பெற்றது. குற்றவியல் அதிகாரமான நிஜாமத் நவாப் வசமே இருந்தது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டத்தின்படி மாவட்டந்தோறும் ஃபௌஜ்தாரி அதாலத்துகள் எனப்படும் குற்றவியல் நீதிமன்றங்கள் ஏற்பட்டன. அவற்றில் காழியும் முஃப்தியும் மௌலவிகளும் அமர்ந்தார்கள். திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இந்துக்களுக்கு சாஸ்திரம், முஸ்லிம்களுக்கு ஷரீஅத் என்று பிரித்த கம்பெனி, குற்றவியலில் அப்படிப் பிரிக்கவில்லை. இந்துவோ முஸ்லிமோ, குற்றம் செய்தவர் எவராயினும் ஹனஃபி சட்டம்தான்.

கம்பெனி அதிகாரிகள் இந்தச் சட்டத்தின் மீது வைத்த முதன்மையான குற்றச்சாட்டு இன்றைய வாசகரை வியக்கவைக்கும். அது கொலையாளிகளிடம் மிக மென்மையாக இருக்கிறது என்பதே அவர்கள் புகார். அக்காலத்தில் இங்கிலாந்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு இருந்தது. கடையில் 5 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடுவதும் அவற்றில் ஒன்று. 1775 ஆகஸ்டில் மகாராஜா நந்தகுமார் கல்கத்தாவில் தூக்கிலிடப்பட்டது போலி ஆவணக் குற்றத்துக்காக. கல்கத்தா உச்ச நீதிமன்றம் அவர் மீது செலுத்தியது ஆங்கிலச் சட்டத்தை. அவர் வாழ்ந்த மண்ணின் சட்டப்படி அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை கிடையாது. எந்தச் சட்டம் கொடியது என்ற கேள்விக்கு ஒற்றை விடை சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் 1790 டிசம்பரில் நிஜாமத் நிர்வாகத்தை நேரடியாகக் கம்பெனியின் கைக்குக் கொண்டுவந்தார். அப்போதும் அவர் ஷரீஅத்தை நீக்கவில்லை, உள்ளிருந்தே மாற்றினார். கொலையில் கருவியைப் பார்க்காமல் எண்ணத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதற்கு ஆதாரமாக அபூ ஹனீஃபாவின் மாணவர்கள் இருவரின் கருத்து இருந்தது. அடுத்த மாற்றத்துக்கு அத்தகைய ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. கொலையாளியை மன்னிக்கும் வாரிசின் உரிமையை அவர் முடிவுக்குக் கொண்டுவந்தார். வாரிசு மன்னித்தாலும், வழக்குத் தொடர மறுத்தாலும், முஃப்தி தம் ஃபத்வாவை அப்படியொரு மன்னிப்பே நிகழாததைப் போல வைத்துக்கொண்டு எழுத வேண்டும்; தண்டனையை நீதிமன்றம் விதிக்கும். அடுத்த ஆண்டு உறுப்பு வெட்டுதல் நீக்கப்பட்டது. இரண்டு உறுப்புகளை இழக்க வேண்டியவருக்கு 14 ஆண்டும், ஒன்றை இழக்க வேண்டியவருக்கு 7 ஆண்டும் கடுங்காவல் என்று மாற்றி எழுதப்பட்டது. சாட்சி முஸ்லிமாக இல்லை என்பதற்காக அவர் சாட்சியத்தைத் தள்ளும் விதியும் போயிற்று. 1793ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் இவற்றையெல்லாம் தொகுத்து நிலைப்படுத்தின. ஹனஃபி சட்டத்தின் மூலநூலான ஹிதாயாவைச் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் வெளியிட்டதும் இதே காலத்தில்தான், 1791இல். ஆங்கில நீதிபதி இனி முஃப்தியைக் கேட்காமலே நூலைப் புரட்டிப் பார்க்கலாம் என்ற நிலை அதனால் உருவானது.

தென்னிந்தியாவுக்கும் இதே ஏற்பாடு வந்தது. சென்னை நகரம் ஆங்கிலச் சட்டத்தின் கீழ் இருந்தது. 1802ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின்படி மாகாணத்தின் உள்மாவட்டங்களுக்குச் சதர் ஃபௌஜ்தாரி அதாலத் உயர் குற்றவியல் நீதிமன்றமாயிற்று. மாற்றங்கள் செய்யப்பட்ட இஸ்லாமியச் சட்டமே அதன் அடிப்படைச் சட்டம். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ ஒருவர் கொலை வழக்கில் நின்றால், அவர் எந்தச் சாதியினராயினும், எந்தக் கோயிலில் வழிபடுபவராயினும், அரபு மூலம் கொண்ட ஃபிக்ஹ் நூல்களை அறிந்த சட்ட அதிகாரியின் கருத்து அந்த வழக்கில் கேட்கப்பட்டது. தமிழ்நாட்டின் சட்ட வரலாற்றில் அறுபது ஆண்டு நீடித்த இந்த அத்தியாயம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய ஒன்று. பம்பாய் மாகாணம் 1827இலேயே எல்பின்ஸ்டன் தொகுத்த சட்டத்துக்கு மாறிவிட்டது. வங்காளத்தில் முஸ்லிம் அல்லாதவர் இஸ்லாமியச் சட்டப்படி விசாரிக்கப்படாமல் விலக்குக் கேட்கலாம் என்ற உரிமை 1832இல் வந்தது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் அளித்த வரைவு பல கைகள் மாறி, 1860இல் இந்திய தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காழியும் முஃப்தியும் குற்றவியல் நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார்கள். வாரிசின் மன்னிக்கும் உரிமையோ அதற்கு எழுபது ஆண்டுக்கு முன்பே வெளியேறியிருந்தது.

இங்கிலாந்திலும் இருந்த வாரிசுரிமை

கொலை வழக்கைக் குடும்பத்தின் சொத்தாகக் கருதியது அரேபியர் மட்டும் என்று நினைப்பது பிழை. நார்மானியருக்கு முந்தைய இங்கிலாந்தில் ஒவ்வொரு படிநிலை மனிதனின் உயிருக்கும் ஒரு விலை இருந்தது. கொன்றவன் அதைக் குடும்பத்துக்குக் கட்டினான். பிற்காலத்திலும், அரசின் வழக்கில் விடுதலையான ஒருவர் மீது இறந்தவரின் வாரிசு தனியாகக் கொலை முறையீடு தொடுக்கலாம். அப்படித் தொடுத்த வழக்கில் தண்டனை பெற்றவரை மன்னிக்க அரசருக்கு அதிகாரம் இல்லை; வாரிசு மட்டுமே விடலாம். கிஸாஸுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிக்கிறது. 1818இல் ஆஷ்ஃபோர்ட் எதிர் தார்ன்டன் வழக்கில், ஜூரியால் விடுவிக்கப்பட்டவர் மீது கொலையான பெண்ணின் அண்ணன் இந்த முறையீட்டைத் தொடுத்தார். எதிரியோ பழைய சட்டப்படி தன்னோடு போரிட்டுத் தீர்த்துக்கொள்ளுமாறு சவால் விட்டார். அண்ணன் போரிட வரவில்லை, எதிரி விடுதலையானார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அந்த முறையீட்டையும் போர்த் தீர்ப்பையும் சேர்த்து ஒழித்தது. வங்காளத்தில் வாரிசின் உரிமையை அநாகரிகம் என்று கார்ன்வாலிஸ் பறித்தபோது, அவருடைய சொந்த நாட்டில் அதன் உடன்பிறப்பு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

ஒட்டோமன் பேரரசு வேறொரு வழியில் சென்றது. 1858இல் பிரெஞ்சுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட தண்டனைச் சட்டத்தை ஏற்றபோதும், ஷரீஅத் தனிமனிதருக்கு அளித்த உரிமைகளைத் தனியே காத்து வைத்தது. ஒரே கொலைக்கு அரசு ஒரு தண்டனையைக் கேட்கலாம். வாரிசு தியத்தையும் கேட்கலாம். 1926இல் துருக்கிக் குடியரசு இத்தாலியச் சட்டத்தைத் தழுவியபோது அந்த இரட்டை வழி மூடப்பட்டது. எகிப்து மதச்சார்பற்ற தண்டனைச் சட்டத்தைக் கொண்டிருந்தாலும், மரண தண்டனை விதிக்கும் முன் நீதிமன்றம் நாட்டின் முஃப்தியின் கருத்தைக் கேட்கிறது. அக்கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

பாகிஸ்தானில் திரும்பி வந்த வாரிசு

மெக்காலேயின் சட்டம் 1947க்குப் பின் பாகிஸ்தானின் தண்டனைச் சட்டமாகவும் நீடித்தது. 1979 பிப்ரவரியில் அந்நாட்டின் இராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் ஹுதூத் ஆணைகளைப் பிறப்பித்தார். அவற்றின்படி நீதிமன்றத் தீர்ப்பாகக் கை வெட்டுதலோ கல்லெறிதலோ ஒருமுறைகூட அரசால் நிறைவேற்றப்படவில்லை. ஆனால் பெண்கள் மீது அந்த ஆணைகள் இழைத்த கொடுமை உண்மையானது. வன்புணர்வுக்கு ஆளான பெண் புகார் கொடுத்து அதை மெய்ப்பிக்க முடியாவிட்டால், புகாரே முறையற்ற உறவுக்கான ஒப்புதலாக அவள் மீது திரும்பியது. நான்கு சாட்சி விதி பழைய நூல்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் காக்க எழுந்தது. இங்கே அது பாதிக்கப்பட்டவளைச் சிறைக்கு அனுப்பியது. 2006இல் வந்த பெண்கள் பாதுகாப்புச் சட்டம் வன்புணர்வை ஹுதூத்திலிருந்து பிரித்துத் தண்டனைச் சட்டத்துக்கு மீட்டது.

கொலையில் நேர்ந்த மாற்றம் இதைவிடப் பெரியது. வாரிசுக்கு மன்னிக்கும் உரிமை தராத தண்டனைச் சட்டப் பிரிவுகள் இஸ்லாத்துக்கு முரணானவை என்று குல் ஹசன் கான் வழக்கில் 1989இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றத்தின் ஷரீஅத் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பளித்தது. 1990இல் கிஸாஸ், தியத் ஆணை வந்தது. 1997இல் அது நிரந்தரச் சட்டமாயிற்று. தியத்தின் குறைந்தபட்ச அளவு 30,630 கிராம் வெள்ளியின் மதிப்பு என்று வகுக்கப்பட்டது. கார்ன்வாலிஸ் மூடிய கதவு இருநூறாண்டுக்குப் பிறகு அங்கே திறந்தது.

அந்தக் கதவு வழியாக முதலில் வெளியேறியவர்கள் குடும்பத்துக்குள்ளேயே கொலை செய்தவர்கள். குடும்ப மானத்தின் பெயரால் அண்ணன் தங்கையைக் கொல்கிறான். தந்தை வாரிசு என்ற முறையில் மகனை மன்னிக்கிறார். தந்தையே கொன்றால் கிஸாஸ் இல்லை என்ற விதி இருக்கிறது. கொன்றவருக்கும் மன்னிப்பவருக்கும் ஒரே வீடு என்றால், கொல்லப்பட்டவளுக்காகப் பேச யாரும் மிஞ்சவில்லை. நாடாளுமன்றம் 2004இல் ஒரு திருத்தம் செய்தது, அது போதவில்லை. 2016 ஜூலையில் சமூக ஊடகங்களில் புகழ்பெற்ற கந்தீல் பலூச் தம் சகோதரரால் கொல்லப்பட்டபின் எழுந்த கொந்தளிப்பில், அக்டோபரில் புதிய திருத்தம் நிறைவேறியது. மானக் கொலையில் வாரிசு மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்பது அதன் சாரம். வாரிசின் உரிமைக்கு மேலே அரசின் உரிமையை வைத்த இந்தத் திருத்தம், கிஸாஸ் முறையின் நலிவான இடத்தை அதன் சொந்த மண்ணிலேயே ஒப்புக்கொண்டது.

பண வலிமையும் இன்னொரு நலிவு. 2011 ஜனவரியில் லாகூரில் இருவரைச் சுட்டுக்கொன்ற அமெரிக்க சி.ஐ.ஏ. ஒப்பந்தப் பணியாளர் ரேமண்ட் டேவிஸ், மார்ச் மாதம் குடும்பங்களுக்குத் தியத் கொடுக்கப்பட்டதை அடுத்து விடுதலையானார். சட்டப்படி அதில் பிழை சொல்ல முடியாது. ஏழைக் குடும்பத்தின் சம்மதம் எந்த அளவுக்குச் சுதந்திரமானது என்பதைச் சட்டம் கேட்கவே இல்லை என்பதுதான் பிழை.

இதற்கு நேர் எதிரான வழக்கொன்றை இலங்கை மறக்காது. சவூதி அரேபியாவில் ஒரு சிசு இறந்த வழக்கில் தண்டனை பெற்ற இலங்கைப் பணிப்பெண் 2013 ஜனவரியில் தலை துண்டிக்கப்பட்டார். கொழும்பு அரசும் உலகெங்கும் இருந்து பலரும் மன்றாடினார்கள். சிசுவின் பெற்றோர் மன்னிக்கவில்லை. கிஸாஸ் தனிமனித உரிமை என்பதால் அரச குடும்பமும் அதை மீற முடியாது என்பதே சொல்லப்பட்ட விளக்கம். மன்னிக்கும் உரிமையைக் குடும்பத்திடம் தரும் சட்டம், மன்னிக்க மறுக்கும் உரிமையையும் அதே கையில் தருகிறது. வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்லும் தமிழர், மலையாளிகள், சிங்களர் குடும்பங்களுக்கு இந்தச் சட்ட நுணுக்கம் ஏட்டுச் செய்தியன்று. உறவினரின் உயிரை மீட்கத் தியத் திரட்டும் வேண்டுகோள்கள் ஊர் ஊராகச் சுற்றுவதை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

சவூதியிலும் ஈரானிலும் சட்டம் அசையாமல் நிற்கவில்லை. ஈரான் 2004இல் அங்கீகரிக்கப்பட்ட சிறுபான்மை மதத்தினரின் தியத்தை முஸ்லிமுடையதற்குச் சமமாக்கியது. 2013ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், பெண்ணின் தியத்தில் குறையும் பாதியை அரசு நிதியிலிருந்து ஈடுசெய்ய வழி செய்தது. சவூதி உச்ச நீதிமன்றம் 2020இல் தஃஸீர் வழக்குகளில் கசையடியை நிறுத்தி அபராதமோ சிறையோ விதிக்கச் சொன்னது. மூன்று மாற்றங்களும் மூலநூலின் விதியைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள வெளியில் செய்யப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது.

இந்தியச் சட்டத்தில் குடும்பத்தின் இடம்

அரசே வாதி என்ற ஏற்பாட்டின் வலிமையைத் தமிழ்நாடு நேரில் கண்டிருக்கிறது. விருத்தாசலம் அருகே 2003இல் சாதி மறுத்து மணந்த இளம் இணையர் கொல்லப்பட்டனர். பெண்ணைக் கொன்றவர்களில் அவளுடைய தந்தையும் அண்ணனும் இருந்தார்கள். வழக்கு நத்தை வேகத்தில் நகர்ந்து 2021இல்தான் கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. அண்ணனுக்குத் தூக்கும் தந்தை உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன; உயர் நீதிமன்றம் பின்னர் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. பதினெட்டு ஆண்டு தாமதம் வெட்கக்கேடு. ஆனாலும் அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டார் ஒன்றுகூடி மன்னித்துவிட்டோம் என்று சொல்லி அவளுக்கான வழக்கை முடித்துவிட முடியவில்லை. கொலையை அரசுக்கு எதிரான குற்றமாக வைப்பதன் நியாயம் இந்த ஒரு வழக்கில் முழுமையாக விளங்குகிறது.

அதே ஏற்பாடு குடும்பத்தின் மன்னிப்பை வெறும் கருத்தாகச் சுருக்கிவிடுகிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினியின் தூக்கு 2000இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டபோது, தூக்கு வேண்டாம் என்ற சோனியா காந்தியின் நிலை பெரிதும் பேசப்பட்டது. சட்டத்தின் கண்ணில் அந்த மன்னிப்புக்குத் தனி வலிமை இல்லை. தமிழக அமைச்சரவையின் பரிந்துரையும், அரசியலமைப்பின் 161ஆவது உறுப்பின் கீழ் ஆளுநருக்குள்ள அதிகாரமுமே தண்டனையை மாற்றின.

இந்தியச் சட்டம் சமரசத்தை முற்றிலும் விலக்கிவிடவில்லை. காயம் விளைவித்தல், அவதூறு போன்ற பல குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் இணங்கினால் வழக்கு முடியும். பட்டியலில் இல்லாத குற்றங்களிலும் உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் சமரசத்தை ஏற்கலாம் என்று 2012இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கொலை, வன்புணர்வு, கொள்ளை போன்றவை சமுதாயத்துக்கே எதிரானவை என்பதால் அவற்றுக்கு இது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு வரம்பு கட்டியது. இழப்பீட்டுக்கு 2008ஆம் ஆண்டின் திருத்தம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, ஒவ்வொரு மாநிலமும் பாதிக்கப்பட்டோர் நிதித் திட்டம் வகுக்கச் சொன்னது. தியத் கொலையாளியின் கையிலிருந்தோ அவர் உறவினரிடமிருந்தோ வந்தது. இங்கே அரசு தருகிறது. அதனால் பணம் விடுதலைக்கு விலையாவதில்லை. அளிக்கப்படும் தொகை பல நேரம் மிகச் சிறியது, தாமதமாக வருவது என்ற குறை அப்படியே இருக்கிறது. பிரான்சில் பாதிக்கப்பட்டவரின் குடும்பம் குற்ற வழக்கிலேயே ஒரு தரப்பாகச் சேர்ந்து, தனி வழக்கறிஞருடன் வாதாடி, அங்கேயே இழப்பீடும் பெற முடியும். அந்த நாட்டின் மதச்சார்பின்மைக்கு அதனால் எந்தக் குறையும் நேரவில்லை. இந்தியாவும் எடுத்துக்கொள்ளத்தக்க வழி இது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இந்தத் திசையில் ஓர் அடி வைத்திருக்கிறது. அதன் 360ஆம் பிரிவின்படி, அரசு வழக்கறிஞர் ஒரு வழக்கைத் திரும்பப் பெற விரும்பினால், பாதிக்கப்பட்டவருக்குப் பேச வாய்ப்பளிக்காமல் நீதிமன்றம் அதற்கு அனுமதி தரக் கூடாது. அதே சட்டத்தின் 359ஆம் பிரிவில் உள்ள சமரசத்துக்குரிய குற்றங்களின் பட்டியலில் கொலை இல்லை.